கேரளக்காரி அல்ல என்றொரு சான்று

“உங்க ஊர்ல பொங்கல் எல்லாம் உண்டாம்மா?”

கல்லூரி அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து தலைமை எழுத்தர் கேட்டார். தடுப்பின் அடியில் அரைவட்டமாக ஓர் ஓட்டை. நாம் சொல்வது அவர் காதில் விழ வேண்டுமானால் அந்த ஓட்டைக்குக் குனிய வேண்டும். படித்த காலம் முழுக்க அந்த அலுவலகத்தில் நான் குனிந்தேதான் பேசியிருக்கிறேன்.

“உண்டு சார். நல்லா கொண்டாடுவோம்.”

“பரவால்லியே. நம்ம பண்டிகையெல்லாம் கூட செய்யறீங்க” என்று மெச்சிக்கொண்டார்.

கல்வராயன் மலைக்காரி பொங்கல் வைப்பதில் மெச்சுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மெட்ராஸ்காரர்களுக்கு மலை என்றாலே ஓர் ஆச்சரியம் போல என்று விட்டுவிட்டேன். நான் வந்த காரியம் வேறு. அரசு உதவித்தொகை வந்தவர்களின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பழங்குடி மாணவியர் வரிசையில் என் பெயர் இல்லை.

அந்தத் தொகை வந்தால்தான் என் கட்டணம் கட்டப்படும். கட்டணம் கட்டினால்தான் தேர்வு எழுதலாம். எழுதாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேற வேண்டியதுதான். முதலாண்டே முடியவில்லை.

எழுத்தர் என் காகிதங்களை எடுத்துப் பசை வாசனையோடு பிரித்தார்.

“உன்னோடது அனுப்பலம்மா. நீ அதர் ஸ்டேட்.”

“இல்ல சார், நான் கள்ளக்குறிச்சி.”

“இருக்கறது கள்ளக்குறிச்சி. ஆளு கேரளா” என்றார். சாதிச் சான்றிதழை ஓட்டை வழியாக என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவர் விரல் நின்ற இடத்தில் ‘இந்து மலையாளி’ என்று இருந்தது.

எந்த மலையாளி?

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் அப்பாவை ஊரில் ‘கவுண்டரே’ என்று கூப்பிடுவார்கள் என எழுதியிருந்தேன். பழங்குடி என்கிறீர்கள், கவுண்டர் என்கிறீர்கள், எதுதான் உண்மை என்று ஒரு வாசகர் கோபமாகக் கேட்டிருக்கிறார். இரண்டும் உண்மைதான், கவுண்டர் என்பது எங்கள் மக்களின் பட்டப்பெயர். போதாததற்கு மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. நாங்கள் மலையாளிகள்.

மலையை ஆள்பவர் என்பார்கள் சிலர். மலையில் இருக்கும் ஆள் என்பார்கள் சிலர். அந்தக் காலத்தில் காஞ்சிபுரம் பக்கமிருந்து எங்கள் முன்னோர்கள் மலையேறி வந்ததாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். ஏன் ஏறினார்கள் என்பதில் ஆளுக்கொரு கதை. எல்லாக் கதையும் மலையேறுவதில்தான் முடியும். கேரளாவுக்குப் போனதாக ஒரு கதையிலும் இல்லை.

நாங்கள் பேசுவது தமிழ். கும்பிடுவது மலைமேல் உள்ள எங்கள் சாமிகளை. விளைவிப்பது சாமையும் தினையும். தேங்காயை நாங்கள் கல்யாணத்துக்குத்தான் உடைப்போம்.

அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியும். பழங்குடிகளைச் சொல்லும் அரசுப் பட்டியலில் மலையாளி என்று போட்டு, எந்தெந்த மாவட்டத்து மலையாளி என்பதையும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். அதில் எங்கள் பகுதிக்குத் தென்னார்க்காடு என்று பெயர். அந்தப் பெயரில் இப்போது மாவட்டமே கிடையாது. மாவட்டம் போய்விட்டது, மலையாளிகள் இருக்கிறோம். இந்த விவரம் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் இந்த அத்தியாயம் அரைப்பக்கத்தில் முடிந்திருக்கும்.

இரவல் நாற்காலி

அந்தச் சான்றிதழ் சும்மா வரவில்லை. அதை வாங்க அப்பாவும் நானும் மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகாத நாளில்லை என்று சொல்லலாம். பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது எனக்குக் குமட்டும். அப்பா புளிப்பு மிட்டாய் வாங்கித் தருவார். வடக்கனந்தல் வந்து கரும்புத் தோட்டங்கள் தெரிந்த பிறகுதான் வயிறு சமாதானமாகும்.

ஒருநாள் எங்கள் வீட்டை விசாரித்துப் பார்க்க ஒருவர் மலைக்கே வந்தார். பெரிய அதிகாரியை எப்படித் தரையில் உட்கார வைப்பது என்று அப்பா பதறி, பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் அதில் உட்கார்ந்தார். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நாற்காலி எல்லாம் வச்சிருக்கீங்களே” என்றார்.

“உங்களுக்காகத்தாங்க எட்துக்கினு வந்தேன்” என்றார் அப்பா.

“பழங்குடின்னு சொல்றீங்க.”

அப்பா யோசித்தார். “எழுந்திருங்க, திருப்பிக் குட்த்துட்டு வந்துட்றேன்” என்றார்.

வந்தவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். மேலும் சில கேள்விகள் கேட்டார், சாமி கும்பிடும் முறை, கல்யாண முறை என்று. அம்மா கொடுத்த சாமைக் கூழைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார். கொஞ்ச நாளில் சான்றிதழ் வந்தது. அப்பா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ‘மலையாளி’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை மட்டும் தடவிப் பார்த்தார்.

அந்தச் சொல்லைத்தான் எழுத்தர் ஓட்டை வழியாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஓணச் சாப்பாடு

இப்போது எனக்குப் பழைய விஷயங்களெல்லாம் விளங்க ஆரம்பித்தன.

சேர்ந்த புதிதில் மூன்றாமாண்டு படித்த கேரளத்து அக்கா ஒருத்தி என் அறை தேடி வந்து ஓணத்துக்கு அழைத்தாள். அலுவலகத்தில் மலையாளி மாணவியர் பெயர்களைக் கேட்டு வாங்கினாளாம். என்னிடம் மலையாளத்தில் நிறையப் பேசினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மெட்ராஸில் எல்லாரும் பேசுவதும் எனக்கு அப்போது பாதிதான் புரியும். இதுவும் அதில் சேர்த்தி என்று இருந்துவிட்டேன்.

ஓணத்தன்று தங்கக் கரை போட்ட வெள்ளைச் சேலையை எனக்குக் கட்டிவிட்டார்கள். பூக்கோலத்துக்குச் சாமந்தி இதழ் பிய்க்கச் சொன்னார்கள், பிய்த்தேன். இலையில் வைத்த பதார்த்தங்களை எண்ணி மாளவில்லை. இந்தக் கல்லூரியில் புதுப் பிள்ளைகளை இப்படி வரவேற்கிறார்கள் என்று வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் பெருமையாகக் குறிப்பிட்டேன்.

என் அறைத்தோழி ஸ்டெல்லா உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூர்க்காரி. கிறிஸ்தவக் குடும்பம். அவள் அப்பா நெல் அறுவடைக் கூலிக்குப் போகிறவர். படிப்புச் செலவுக்கு அவள் பங்குச் சாமியாரிடம் கடிதம் வாங்கி ஓர் அறக்கட்டளையைப் பிடித்திருந்தாள். நடந்ததை அவளிடம் சொன்னேன்.

“இன்னாடி இது அக்குரும்பு? நா கிறிஸ்டியன்னு எய்தி குட்த்துக்கீறேன். என்னை ஜெருசலேம்காரின்னா சொல்றாங்க?”

“எங்கிட்ட சண்ட போட்டு இன்னா பண்றது?”

“அந்தாளு கிட்ட போய் போடு. நானும் வரேன்.”

இரண்டு பேரும் போய் ஓட்டைக்குக் குனிந்தோம்.

அப்பா எங்கே?

எழுத்தர் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு அழுதிருக்கலாம். அவர் ஒவ்வொன்றாக நிதானமாக விளக்கினார்.

“ஒரு மாநிலத்து எஸ்.டி. இன்னொரு மாநிலத்துல செல்லாதும்மா. அது ரூல். உங்க ஆளுங்க கேரளாவுலேர்ந்து எஸ்டேட் வேலைக்கு வந்து மலையில தங்கிட்டாங்க. அது தப்பில்ல. ஆனா காசு இங்க கிடைக்காது.”

“எங்க மலையில எஸ்டேட்டே கிடையாது சார்.”

“சரி, உங்கப்பாவ வரச்சொல்லு. அவர் வந்து சொல்லட்டும். எங்க இருக்கார்?”

ஸ்டெல்லா என் காலை மிதித்தாள். பொய் சொல்லச் சொல்கிறாள் என்று புரிந்தது. வாயில் பொய் வரவில்லை.

“கேரளாவுல சார்.”

எழுத்தர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்புறம் என்னம்மா” என்றார், அன்பாகவே.

எங்கள் மலையில் விளைச்சல் அரை வருடத்துக்குத்தான் சோறு போடும். மீதி நாளுக்கு ஆண்களும் பெண்களும் ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி பின்னால் கேரளாவுக்கு மிளகு பறிக்கவும் காப்பிக்கொட்டை பறிக்கவும் போவார்கள். அப்பா தை பிறந்ததும் போய்விட்டார். என் விடுதிச் செலவு அந்த மிளகிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இதை எழுத்தருக்குச் சொல்லிப் பார்த்தேன். “வேலைக்கு யாரும் சொந்த ஊருக்குத்தானே போவாங்க” என்றார்.

மேஸ்திரியின் கைபேசிக்கு அழைத்து அப்பாவைப் பிடித்தேன். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தமும் மழையும் கேட்டது.

“இன்னா கண்ணு, ஒடம்பு சரியில்லியா?”

சொன்னேன். அவருக்குப் புரிய வைக்க நேரமாயிற்று. நாம் மலையாளி என்பதால் உதவித்தொகை கிடைக்கும் என்று சொன்னதும் நான்தான், மலையாளி என்பதால் கிடைக்காது என்று சொல்வதும் நான்தான். அவர் எதை எடுத்துக்கொள்வார்?

“சரி, வரேன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆவலன்னா மனசு வுட்றாத கண்ணு. எங்கூட வந்துடு. இங்க பொம்பள ஆளுங்க கம்மியா கீதுன்னு மேஸ்திரி சொல்லிக்கினே இருக்காரு. ஏணி புடிக்கிறது, பொறுக்குறது, அந்த மாதிரி வேலைதான்” என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். நான் தொலைபேசிக் கடையின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏணி பிடிக்கும் வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை, என் அம்மாவும் பிடித்தவள்தான். எனக்கு வேதியியல் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நீலமாக இருந்த ஒரு கரைசல் ஒரு சொட்டில் நிறமற்றுப் போவதை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்திருந்தேன். இன்னும் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

உண்மையைச் சொன்னார்

அப்பா சென்ட்ரலில் வந்து இறங்கினார். கைலி, கட்டம் போட்ட சட்டை, தோளில் ஒரு துணிப்பை. விரல் நுனியெல்லாம் மிளகுக் கறை கருப்பாகப் படிந்து கிடந்தது. நேராக அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.

“எங்கேர்ந்து வர்றீங்க?” என்று எழுத்தர் கேட்டார்.

“கேரளாவுலேர்ந்துங்க” என்றார் அப்பா.

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா, கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன திருப்தியில் இருந்தார்.

“நீங்க மலையாளிதானே?”

“ஆமாங்க. அதுல இன்னாங்க சந்தேகம்?”

அதன் பிறகு நான் சொன்ன எதுவும் ஓட்டைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து இன்னொரு சான்று வாங்கி வருகிறேன் என்றேன். “அங்கயும் மலையாளின்னுதானே எழுதுவாங்க?” என்றார். அதுவும் சரிதான். வேறு என்னதான் வேண்டும் என்று கேட்டேன்.

“கேரளாக்காரங்களுக்கு இங்க சங்கம் இருக்கும். நீ அவங்க ஆளு இல்லன்னு அவங்க எழுதிக் குடுக்கட்டும். லெட்டர்ஹெட்ல, சீல் வச்சு. நான் அத வச்சு அனுப்பிடறேன். இந்த வாரத்துக்குள்ள கொண்டு வா.”

விடுதி வாசலில் காத்திருந்த ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

“நல்லா கீது. எழவு வூட்டுக்குப் போய் நா இன்னும் சாவலன்னு எய்தி வாங்கினு வரச் சொல்றாரா?” என்றாள். ஆனால் ஓணத்துக்கு அழைத்த அக்காவிடம் ஓடிப்போய்ச் சங்கத்தின் முகவரியை வாங்கி வந்தவளும் அவள்தான்.

சங்கம்

ஒரு பேக்கரியின் மாடியில் சங்கம் இருந்தது. படியேறும்போதே வெண்ணெய் பிஸ்கட் வாசனை வந்தது. பேக்கரிக்காரர்தான் செயலாளர். நெற்றியில் சந்தனம், சட்டைப்பையில் இரண்டு பேனா. அவர்கள் மலையாளி மாணவர்களுக்கு வருடா வருடம் உதவித்தொகை தருகிறவர்கள் போலிருக்கிறது. அப்பாவும் நானும் போனதும் அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்து, “சர்டிபிகேட் எல்லாம் உண்டா?” என்று கை நீட்டினார். கொடுத்தேன்.

கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எத்தனையோ பிள்ளைங்களுக்குக் கொடுத்தாச்சு” என்றார். “ஒவ்வொருத்தர் சர்டிபிகேட்லயும் ஒவ்வொரு ஜாதி இருக்கும். மலையாளின்னே கவர்மென்ட் சீல் வச்சு இப்பத்தான் பாக்கறேன். என்கிட்டயே இது கிடையாது.”

“சார், நாங்க கேரளா இல்ல. கல்வராயன் மலை. நாங்க உங்க ஆளு இல்லன்னு ஒரு லெட்டர் வேணும்.”

“உதவித்தொகை வேண்டாமா?”

“வேணும் சார். இங்க வேணாம்.”

அவர் குழம்பிப்போய் அப்பா பக்கம் திரும்பினார். அப்பா, பெரிய மனிதர் தன்னைப் பார்க்கிறாரே என்ற மரியாதையில், எழுந்து நின்று கைகூப்பி, “நமஸ்காரம் சாரே. சுகமாணோ?” என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

செயலாளர் மலர்ந்துபோனார். மலையாளத்தில் மளமளவென்று ஏதோ கேட்டார். அப்பா பதில் சொன்னார். அவர் மறுபடி கேட்டார். அப்பா மறுபடியும் சொன்னார். என் படிப்பு என் கண்முன்னால் மலையாளத்தில் கரைந்துகொண்டிருந்தது. பிறகு செயலாளர் தமிழில், “இவ்வளவு நல்லா எங்க படிச்சீங்க?” என்று கேட்டார்.

“படிக்கலிங்க. மொளவு பறிக்கப் போற எடத்துல காதால கேட்டதுதான். மொதல்ல திட்டுதாங்க கத்துக்கினேன். அது புரிஞ்சாத்தானே வேல செய்ய முடியும்? நமஸ்காரம்லாம் ரொம்ப நாள் கழிச்சிதான் வந்துச்சு.”

அப்பா இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். செயலாளர் அவருடைய விரல்களைப் பார்த்தார். கீழே கடைப் பையனை அழைத்து இரண்டு டீயும் பன்னும் கொண்டுவரச் சொன்னார். பிறகு சங்கத்தின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார்.

எழுதி முடித்து என்னிடம் தந்தார். படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். இதற்குத்தானே வந்தோம்!

“இன்னா எய்திக்கீறாரு?” என்றார் அப்பா.

“நாம மலையாளி இல்லன்னு எழுதியிருக்காருப்பா.”

அப்பா பன்னைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்டி எழுதாதீங்க சார்.”

“அப்பா, அப்படி எழுதினாத்தான் காசு வரும்.”

“வரட்டும், வராத போட்டும். நாம மலையாளிதான். எங்கப்பன் மலையாளி, அவங்கப்பன் மலையாளி. எத்தினி நாள் அலைஞ்சி அந்த சர்ட்டிபிகேட் வாங்கனோம். இல்லன்னு எய்தின காய்தத்த நா கையால தொட மாட்டேன்.”

என் அப்பா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. ஆனால் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு சொல்லுக்காக என்னை ஏணி பிடிக்க அனுப்பப் போகிறாரே என்று நினைத்தேன். அதே நேரத்தில், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க என்னாலும் முடியாது என்று தெரிந்தது. தாளை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

செயலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். இன்னொரு தாளை எடுத்தார். எழுதினார், அடித்தார், மறுபடி யோசித்தார். மேலே சங்கத்தின் பெயரில் ‘மலையாளி’ என்ற சொல் சிவப்பில் கொட்டையாக அச்சாகியிருந்தது. அதன் கீழே அவர் எழுதியதை அவரே அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினார்.

“கல்வராயன் மலையைச் சேர்ந்த இவர்கள்தாம் மலையாளிகள். நாங்கள் கேரளக்காரர்கள்.”

அப்பா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தார். “இது சரிங்க” என்றார் அப்பா. செயலாளர் கையெழுத்துப் போட்டு, மைப்பெட்டியில் முத்திரையை ஒற்றி அழுத்தி வைத்தார்.

அலுவலகத்தில் எழுத்தர் அதை மேலிருந்து கீழே படித்தார். திரும்ப மேலே போனார்.

“அப்ப நீங்கதான் மலையாளி. அவங்க இல்ல.”

“ஆமா சார்.”

“இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்று கடிந்துகொண்டு, என் விண்ணப்பத்தோடு அதைச் சேர்த்துத் தைத்து, அன்றைய தபாலில் வைத்தார். தாமதமானாலும் தொகை வந்தது. அது வரும் என்று எழுத்தரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால், கட்டணத்துக்கு முன்பே தேர்வு எழுத விட்டார்கள்.

கடிதத்தைக் கொடுத்த அன்று மதியமே அப்பா சென்ட்ரலுக்குக் கிளம்பிவிட்டார். ஒருநாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னேன். மிளகு இன்னும் முடியவில்லை என்றார். ரயில் நகரும்போது சன்னலோரம் முகத்தை வைத்துக்கொண்டு, ஏதோ மறந்துபோனவர் போலச் சத்தமாகச் சொன்னார்:

“பொம்பள ஆளு வரலன்னு மேஸ்திரி கிட்ட சொல்லிட்றேன் கண்ணு.”